இருபது டாலர் நோட்டில் ஒரு குதிரைத் திருடி

சிட்னிக்கு வந்த புதிதில் நடந்தது. மளிகைக் கடையில் துவரம்பருப்பும் கறிவேப்பிலையும் எடுத்துக்கொண்டு இருபது டாலர் நோட்டை நீட்டினேன். பின்னால் நின்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர், நோட்டில் இருந்த மூக்குக்கண்ணாடிப் பாட்டியைக் காட்டி, "தம்பி, இந்த மனிசி குதிரை களவெடுத்து இஞ்ச வந்தவ, தெரியுமே?" என்றார்.

மேரி ரீபி. வீட்டுக்கு வந்ததும், அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து இங்கே நாடுகடத்தப்பட்ட கைதிகள் பட்டியலில் 'ரீபி'யைத் தேட ஆரம்பித்தேன். இரண்டு சனிக்கிழமை வீணாய்ப் போன பிறகுதான் உறைத்தது, அது புருஷன் பெயர். பிறந்தபோது ஹேடாக், இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் பரி என்ற ஊர், 1777. சரி, ஹேடாக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டாஃபோர்டில் நடந்த வழக்குக்குப் போனால், அங்கே நிற்பது ஜேம்ஸ் பர்ரோ என்ற பையன்! 1791-ல் ஆண் உடையில் பிடிபட்டவள், விசாரணையிலும் அந்தப் பெயரையே சொல்லியிருக்கிறாள். வயது பதினாலு. ஏழு வருடம் தீவாந்தர தண்டனை. 1792 அக்டோபரில் ராயல் அட்மிரல் கப்பலில் வந்து சேர்ந்தாள்.

வந்த கையோடு ஊரில் இருந்த அத்தைக்குக் கடிதம் போட்டாள். இரண்டு மூன்று வருடத்தில் வழி கிடைத்தால் கிளம்பிவிடுவதாக அதில் எழுதியிருக்கிறாள். கிளம்பவில்லை. 1794-ல் தாமஸ் ரீபி என்ற கப்பல்காரரோடு கல்யாணம். 1811-ல் அவர் இறந்தபோது கையில் ஏழு பிள்ளைகள், கூடவே கப்பல், சரக்கு வியாபாரம். அத்தனையையும் தானே நடத்தினாள். 1817-ல் நியூ சவுத் வேல்ஸ் வங்கி தொடங்கியதே மெக்குவாரி பிளேஸில் இவளிடம் வாடகைக்கு எடுத்த வீட்டில்தான். குதிரை திருடியவள் வீட்டில் பேங்க்!

எனக்கு ரொம்பப் பிடித்தது 1828 குடிக்கணக்கு. இந்நாட்டுக்கு எப்படி வந்தீர்கள் என்று எல்லோரையும் கேட்டு எழுதிய கணக்கு அது. இவள் கொடுத்த பதில்: 1821-ல், சுதந்திரமாக. பொய் என்றும் சொல்லிவிட முடியாது. 1820-ல் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட்டு, அடுத்த வருடம் சொந்தக் காசில் திரும்பி வந்தவள்தானே! நூலகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

யாராவது இப்படித் தேடப் போனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். கப்பல், தண்டனை கொடுத்த ஊர், வருடம், மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். சிட்னி துறைமுகத்தில் சர்க்குலர் கீ பக்கம் அவள் பெயரில் இருக்கும் சந்தின் பலகையில்கூட ஓர் எழுத்து குறைவு.

பதில்:

அண்ணா, பத்து டாலரை விட்டுவிட்டீர்களே! 1966-ல் வந்த முதல் பத்து டாலர் நோட்டில் இருந்தவர் கட்டடக் கலைஞர் ஃபிரான்சிஸ் கிரீன்வே. கட்டட ஒப்பந்தப் பத்திரத்தில் மோசடி செய்து, தூக்குத் தண்டனை பதினாலு வருட நாடுகடத்தலாகக் குறைந்து, 1814-ல் வந்தவர். பத்திர மோசடிக்காரர் படம் டாலர் நோட்டில்!

அவர் வரைந்து 1819-ல் முடிந்த ஹைட் பார்க் பாரக்ஸுக்குப் போன மாதம் போயிருந்தேன். ஆண் கைதிகள் தங்கிய கட்டடம். மாடியில் நம்மூர் தூளி மாதிரி வரிசையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள், அதில்தான் தூங்கினார்களாம். பலகைத் தரைக்கு அடியில் எலிகள் வளை கட்ட இழுத்துக்கொண்டு போன துணிகளெல்லாம் நூற்றைம்பது வருடம் கழித்துக் கிடைத்திருக்கின்றன. அதில் கோடு போட்ட கைதிச் சட்டை ஒன்று. யார் போட்டிருந்தது என்று எந்த ஏட்டிலும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். என் பையன் "பசிக்குதும்மா" என்று கையை இழுத்துக்கொண்டே இருந்தான்.