தஞ்சாவூர்லேர்ந்து ரெண்டு நாள்: கொல்லிமலையா, கோடிக்கரையா? அடிச்சுக்காம சொல்லுங்க

கரந்தை கார்த்தி:
எல்லாருக்கும் வணக்கம். மூணு வருஷம் கழிச்சு கடைய ரெண்டு நாள் சாத்தப் போறேன், மார்கழி மொத வார சனி ஞாயிறு. பழைய ஆல்டோ, நான், வீட்ல, அம்மா (68, முழங்கால் வலி), பொண்ணு பத்து வயசு, பையன் ஆறு. சனிக்கெழம விடியக்காலம் கெளம்பி ஞாயிறு ராத்திரி வீடு வந்து சேரணும், ஒரு பக்கம் மூணு மூணரை மணி நேரத்துக்கு மேல நான் ஓட்ட மாட்டேன். வீட்ல மலைங்கறா, அம்மா கடல்ல தலை முழுகணும்ங்கறாங்க, புள்ளைங்களுக்கு மான் மயில் ஏதாவது இருந்தா போதும். வேளாங்கண்ணி மட்டும் சொல்லாதீங்க, வருஷா வருஷம் போறோம்.

மேடுபள்ளம்:
கொல்லிமலை. வேற பேச்சே இல்ல. பொறந்ததுலேர்ந்து வயலையும் வரப்பையும் பாத்து பாத்து நம்ம கண்ணே தட்டையாயிருச்சு, டெல்டாக்காரன் டூருக்கும் டெல்டாவுக்கே போனா அதுக்குப் பேரு டூர் இல்ல, உறவுக்காரங்க வீட்டுக்கு போறது. திருச்சி தாண்டி முசிறி வழியா போனா காரவள்ளி, அங்கேர்ந்து 70 கொண்டை ஊசி வளைவு, மேல போனா மார்கழி பனி முகத்துல அடிக்கும். ஆகாயகங்கை அருவில விழுற தண்ணி அய்யாறா எறங்கி கடைசில நம்ம காவேரிக்குத்தான் வருது, அதையாவது ஒரு தடவ மேலேர்ந்து பாருங்களேன்.

ஸ்டியரிங் சீனு:
நான் டூரிஸ்ட் வண்டி ஓட்டறவன், அதனால அழகு பத்தி பேசல. ஆல்டோல அஞ்சு பேரு லக்கேஜோட 70 பெண்டு ஏறலாம், ஏறாதுன்னு சொல்லல, ஆனா ஏசிய அமத்திட்டு ரெண்டாவது கியர்ல ஏறணும், பத்தாவது பெண்டுல சின்னது வாந்தி எடுக்கும், இருபதாவதுல பெருசு எடுக்கும். எறங்கும்போதுதான் ஆபத்து, பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறி பிடிக்காது, ஏறுன கியர்லயே எறங்கணும். மலை ரோடு பழக்கமில்லன்னா குடும்பத்த வச்சுக்கிட்டு கத்துக்காதீங்கண்ணே. இன்னொன்னு, ஆகாயகங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல எறங்கணும், எறங்குனத திரும்ப ஏறணும். அம்மா முழங்கால்?

மேடுபள்ளம்:
அம்மா அறப்பளீஸ்வரர் கோயில்ல உக்காந்து சாமி கும்பிடட்டும். அதுக்காக புள்ளைங்க அருவி பாக்கக் கூடாதா?

கரந்தை கார்த்தி:
சாமி கும்பிட உக்காருவாங்கதான், ஆனா மூணு மணி நேரம் உக்காருவாங்களான்னு தெரியல.

பொறையார் பொண்ணு:
யாருமே தரங்கம்பாடி சொல்லலையே! கும்பகோணம், மயிலாடுதுறை வழியா வந்தா நூத்தி சொச்சம் கிலோமீட்டர்தான், ஒரு வளைவு கூட கெடையாது. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் எடம் குடுத்து டேனிஷ்காரங்க கட்டுன கோட்டை இது, 1845ல இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போய்ட்டாங்க, ஆக உங்க ஊரு ராசா குடுத்த மனைய நீங்களே வந்து பாக்குற மாதிரி. கோட்டைக்கு முன்னாடியே கடல், அம்மா ரொம்ப நடக்க வேண்டாம். பக்கத்துலயே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில், கடல் அரிச்சு அரிச்சு பாதி போயிருச்சு, மிச்சம் நிக்கிற பக்கமே அலை வந்து அடிக்கும். காலைல ஆறு மணிக்கு அங்க நின்னு பாத்துட்டு அப்புறம் கொல்லிமலைய பத்தி பேசுங்க.

மேடுபள்ளம்:
அக்கா, கோட்டை ஒரு மணி நேரம், கோயில் பத்து நிமிஷம். மிச்சம் ஒன்னே முக்கா நாள் என்ன பண்றது?

பொறையார் பொண்ணு:
சும்மா இருக்கறது. அதுக்குத்தானே தம்பி லீவு?

கடைமடைக்காரன்:
கார்த்தி தம்பி கேக்குற மூணுல ரெண்டு ஒரே எடத்துல இருக்கறது கோடிக்கரைலதான். கடல் இருக்கு, மான் இருக்கு, காடு இருக்கு. மலை மட்டும் இல்ல, அங்க ஒசரமான எடம்னா ராமர் பாதம் இருக்கற மணல்மேடுதான், சிரிக்காதீங்க.

மேடுபள்ளம்:
சிரிக்கலண்ணே, அழுவுறேன். கோடிக்கரைக்கு நான் போயிருக்கேன். சித்திரை மாசம், வழி நெடுக வெடிச்ச வயலு, கானலு, கருவ முள்ளு. மான் ஒன்னு ரெண்டு தூரத்துல தெரிஞ்சுது, பறவை ஒன்னு கூட இல்ல, காக்காவத் தவிர. வர்ற வழில முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுக்கு போனா படகு பாதி வழில சேத்துல தட்டி நின்னுருச்சு, போட்டுக்காரரே எறங்கி தள்ளுனாரு. அதுக்கு காசு வேற. இந்த எடத்துக்கு ஊர்லேர்ந்து ஆள் வந்து பாருங்கன்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்.

கடைமடைக்காரன்:
தம்பி நீங்க போன மாசம் தப்பு, ஊரு மேல கோவிக்காதீங்க. மலைன்னா வருஷம் பூரா மலையாவே நிக்கும், நம்ம பக்கம் அப்படி இல்ல, இங்க அழகுங்கறது எடத்துல இல்ல, தண்ணி வர்ற தேதில இருக்கு. மேட்டூர் அணை தொறக்கறது ஜூன் 12ன்னு கணக்கு, அங்க தொறந்து கல்லணை வந்து வெண்ணாறு பிரிஞ்சு எங்க கடைமடை மடைய தொடறதுக்குள்ள நாங்க ஆத்தையே பாத்துக்கிட்டு நிப்போம், அது வரைக்கும் நீங்க பாத்த அதே வெடிச்ச நெலந்தான், நாங்களே பாக்க மாட்டோம். ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு மார்கழி வந்துட்டா சம்பா பயிரு கதிர் வாங்குற நேரம், மன்னார்குடிலேர்ந்து திருத்துறைப்பூண்டி வரைக்கும் ரெண்டு பக்கமும் கண்ணு போற தூரம் பச்சை, நடுவுல ஒத்தப் பனை, வாய்க்கா மதகுல உக்காந்து நாலு பேரு தூண்டில் போடுவாங்க, அந்த ரோட்ட அம்பதுல ஓட்டிக்கிட்டு போனாலே பாதி டூரு முடிஞ்சுது. போற வழில தஞ்சாவூர்லேர்ந்து அரை மணி நேரத்துல வடுவூர் ஏரி, மழை முடிஞ்சா ஏரி நெறஞ்சு நீர்க்காகமும் நாரையும் மரத்துல இலை தெரியாம உக்காந்திருக்கும், 2022ல ராம்சார்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல சேத்துருக்காங்க, கோடிக்கரைக்கு அது 2002லயே கெடச்சிருச்சு. கோடிக்கரைல வெளிமான் பாக்கணும்னா வெயில் ஏறுறதுக்கு முன்னாடி இல்லன்னா சாயங்காலம் போகணும், மத்தியானம் போனா அதுவும் நம்மள மாதிரி நெழல்ல படுத்திருக்கும். பூநாரை வர்றதும் இந்த மழை பனி மாசத்துலதான், சதுப்புல தண்ணி எவ்ளோ நிக்குதுங்கறத பொறுத்து கூட்டமா வரும் இல்ல கம்மியா வரும், கட்டாயம் பாப்பீங்கன்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். காட்டுக்குள்ள குட்டை குட்டையா குதிரைங்க திரியும், யாரோ எப்பவோ விட்டது பெருகி காட்டுக் குதிரையாவே ஆயிருச்சு, உங்க பையன் அதத்தான் ரொம்ப நாள் பேசுவான் பாருங்க.

அம்மாவுக்கு ஒன்னு சொல்லுங்க, கோடிக்கரைதான் ஆதிசேது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஜனம் முழுக வர்ற கடல் அது.

ஸ்டியரிங் சீனு:
அண்ணன் சொல்றது சரிதான், ஆனா பச்சையப் பாத்துக்கிட்டே ஓட்டி மாட்டுல போய் முட்டிறாதீங்க. மழைக்கப்புறம் அந்தப் பக்கம் ரோட்டோரம் பேந்து கெடக்கும், எதிர்ல பஸ் வந்தா சட்டுனு ரோட்ட விட்டு எறக்காதீங்க, சக்கரம் மாட்டிக்கும். இருட்டுனதுக்கப்புறம் வண்டிய எடுக்காதீங்க. தங்கறது வேதாரண்யத்துல, கோடிக்கரைல சாப்பாட்டுக்கடை கொறச்சல், பொட்டலம் வாங்கிக்கிட்டு போயிருங்க. குரங்கு இருக்கு, கையில தின்பண்டத்தோட புள்ளைங்கள எறக்காதீங்க.

மேடுபள்ளம்:
புயல் வந்தா? 2018 கஜா கரை ஏறுனதே அந்தப் பக்கந்தானே.

கடைமடைக்காரன்:
ஆமா, நவம்பர் 16. என் கூரையும் போச்சு, தென்னையும் போச்சு, எனக்கே கஜா பத்தி சொல்லித் தர்றீங்களா? காத்தழுத்தம்னு ரேடியோல சொன்னா வராதீங்க, அவ்ளோதான். மலைல மட்டும் மழைன்னா மண்ணு சரியாதா?

மேடுபள்ளம்:
தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. அந்த அர்த்தத்துல சொல்லல.

கடைமடைக்காரன்:
சரி விடுங்க. போட்டு சேத்துல நின்ன கதை மட்டும் நெசம், அந்த காயல்ல ஆழம் கம்மி. மழை தண்ணி இருக்கும்போது போகணும், கெளம்பறதுக்கு முன்னாடி வனத்துறைல கேட்டுக்கணும். இந்த ரெண்டு நாள்ல அத நுழைக்காதீங்க, அதுக்கு தனியா ஒரு நாள் வேணும்.

கரந்தை கார்த்தி:
நான் கார்த்தி வீட்ல டைப் பண்றேன். எல்லாரும் அம்மா முழங்கால், கார் பிரேக்கு, மான் எல்லாம் பேசிட்டீங்க. நான் ஏன் மலை கேட்டேன்னு யாரும் கேக்கல. மலைன்னா லாட்ஜ்ல தங்கி ஓட்டல்ல சாப்பிடணும், கடல்னா இவங்க புளியோதரை கட்டிக்கலாம்னு என்னைய மூணு மணிக்கு எழுப்பி விட்ருவாங்க. எனக்கு ரெண்டு நாள் அடுப்பு பக்கம் போகக் கூடாது, மலையா கடலாங்கறது அப்புறம்.

பொறையார் பொண்ணு:
இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல கண்ணு! கும்பகோணத்துல டிகிரி காபி, மயிலாடுதுறைல டிபன், ஒரு சோத்து மூட்டை வேண்டாம், தரங்கம்பாடியே வந்துரு.

ஸ்டியரிங் சீனு:
அக்கா மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க.

கரந்தை கார்த்தி:
இப்ப நானேதான். அம்மா காதுல ஆதிசேதுன்னு விழுந்ததுமே சொம்பு, மாத்துப்புடவை எல்லாம் பையில ஏறிருச்சு, அதனால கோடிக்கரை. மன்னார்குடில டிபன், வேதாரண்யத்துல ரூம், மத்தியான சாப்பாடு பார்சல், எல்லாம் கடைலதான், எழுதி கையெழுத்து போட்டு குடுத்துட்டேன். மேடுபள்ளம் தம்பி, கொல்லிமலைக்கு மே மாசம் நாங்க ரெண்டு பேரும் புள்ளைங்களும் மட்டும் வர்றோம், உங்கள கேட்டுட்டு வர்றோம்.

மேடுபள்ளம்:
மே மாசம் அருவில தண்ணி சன்னமாத்தான் வரும், சொல்லிட்டேன். ஆடிக்கு மேல வாங்க.

கடைமடைக்காரன்:
பாத்தீங்களா, மலையும் மாசம் பாக்குது.

மேடுபள்ளம்:
😐

ஸ்டியரிங் சீனு:
கார்த்தி அண்ணே, மார்கழில அந்தக் கடல் மொரடா இருக்கும், அம்மாவ கரையிலயே உக்கார வச்சு சொம்புல மொண்டு ஊத்துங்க. திரும்பி வந்ததும் வண்டிய அடில நல்லா தண்ணி விட்டு அடிச்சு கழுவிருங்க, உப்பளம் பக்கம் போன வண்டி துரு பிடிச்சுரும்.