வாட்ஸ்அப்பில் எழுதியதற்காக யாராவது கூப்பிட்டு விசாரித்தது உண்டா?

தெருக்கோடி வாத்தியார்: என் கதையை முதலில் சொல்கிறேன். 2018 கோடை. இருபது நாளாகத் தண்ணீர் வரவில்லை. தெருக் குழுவில் உள்ளூர்க் கட்சிப் பிரமுகரைக் கிண்டலடித்து நாலு வரி போட்டேன். மூன்றாம் நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் என் வரிகள் பிரிண்ட் எடுத்துக் கிடந்தன. போனுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள் போல என்று வியர்த்துவிட்டது. உற்றுப் பார்த்தால் வெறும் ஸ்கிரீன்ஷாட். அதில் வலப்பக்கம் ஒரு பதில்: "சரியா சொன்னீங்க சார்". வலப்பக்கம் வருவது போன்காரர் தானே எழுதியதுதானே! ஆள் யாரென்று அப்போதே தெரிந்துவிட்டது.

"66ஏ போட்டா மூணு வருஷம், தெரியும்ல?" என்றார் அதிகாரி. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு அது. மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். அப்புறம்தான் வக்கீலாக இருக்கும் மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டதாம். செத்த சட்டத்துக்குப் பயந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பழைய அட்மின்: யாரோ போட்ட வீடியோவுக்கு என்னை மிரட்டினார்கள். அன்றைக்கே குழுவைக் கலைத்தேன். அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னபோது, எனக்குக் குழுவும் இல்லை, தைரியமும் இல்லை.

இரவு ஷிப்ட்: எனக்கு நடுரோட்டில். வண்டியை நிறுத்தி, "லாக்கை எடு" என்று போனை வாங்கி, 'கஞ்சா' என்று தட்டித் தேடினார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-ஆம் பிரிவின்படி செய்தியை இடைமறிக்க வேண்டுமென்றால் உள்துறைச் செயலர் மட்டத்தில் எழுத்து உத்தரவு வேண்டும். இங்கே டார்ச் லைட் போதுமாக இருந்தது. கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்தான். ராத்திரி பதினொன்றரைக்கு யார் சொல்வது?

கணினிக்காரி: வாட்ஸ்அப் செய்திகளுக்குப் போட்டிருக்கும் மறையாக்கப் பூட்டை உடைக்காமலே நடக்கும் வேலைகள் இவை. மத்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் இன்னொரு வழி. ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யாரென்று, உத்தரவு வந்தால், 50 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தும் செயலிகள் காட்டித்தர வேண்டும். அதற்கு எல்லோருடைய செய்திக்கும் அடையாளம் வைக்க வேண்டியிருக்கும் என்று வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. சரி, வாத்தியாரே, அந்த வலப்பக்க ஆள் என்ன ஆனார்?

தெருக்கோடி வாத்தியார்: இன்னும் குழுவில்தான் இருக்கிறார். தினமும் காலை ஆறு மணிக்குப் பூப்படம் போட்டு வணக்கம் சொல்கிறார். நானும் கைகூப்பி வைக்கிறேன்.