லிப்பாட்டியின் கடைசிக் கச்சேரியில் ஒரு வால்ட்ஸ் ஏன் இல்லை?

வெள்ளவத்தை வாசகி:
வணக்கம். என் மகள் பியானோப் பரீட்சைக்காக இசையமைப்பாளர் ஷோப்பானின் 34ஆம் ஓபஸில் (படைப்பு வரிசை எண்) வரும் முதல் வால்ட்ஸை, அதாவது நடன இசையை, பயின்று வருகிறாள். அதனால் ருமேனியப் பியானோக் கலைஞர் டினு லிப்பாட்டி 1950 செப்டெம்பர் 16 அன்று பிரான்ஸின் பெசான்சோன் நகரில் நிகழ்த்திய கச்சேரியின் ஒலிப்பதிவை இருவரும் இரவில் கேட்கிறோம். நிகழ்ச்சி நிரலில் 14 வால்ட்ஸ்கள். பதிவிலோ 13தான், மகள் பயிலும் அதே வால்ட்ஸைக் காணவில்லை. பதிவு பழுதாகிவிட்டதா, அவர் வாசிக்கவில்லையா? அவரது வாழ்க்கையையும் அறிய ஆவல்.

தெகிவளை இசைப்பிரியன்:
சகோதரி, பதிவில் பழுதில்லை. அதை வாசிக்க அவருக்கு உடலில் வலு மிஞ்சவில்லை.

1917இல் புக்கரெஸ்டில் பிறந்த லிப்பாட்டிக்கு இசையமைப்பாளர் எனெஸ்குதான் ஞானத்தந்தை. வியன்னாப் போட்டியொன்றில் அவருக்கு இரண்டாமிடமே கிடைத்தபோது, நடுவர்களில் ஒருவரான பியானோ மேதை அல்ஃப்ரெட் கோர்ட்டோ அந்தத் தீர்ப்பைப் பொறுக்காமல் விலகி, அவரைப் பாரிஸுக்கு அழைத்துக் கற்பித்தார். போர்க்காலத்தில், 1943இல், ஜெனீவாவில் குடியேறி அங்குள்ள இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆனால் ஹொட்ஜ்கின் நோய் எனும் நிணநீர்ப் புற்றுநோய் அவரை விடவில்லை.

பெசான்சோனில் மருத்துவர் தடுத்தும், கொடுத்த வாக்கை மீறமாட்டேன் என்று மேடையேறினார். பாக்கின் முதலாம் பார்ட்டிட்டா (நடன இசைத் தொகுதி), மோட்ஸார்ட்டின் ஏ மைனர் சொனாட்டா, ஷூபெர்ட்டின் இம்ப்ராம்ப்டு எனும் சிறு உருப்படிகள் இரண்டு, பிறகு தாமே வகுத்துக்கொண்ட வரிசையில் வால்ட்ஸ்கள். கடைசியாக வைத்திருந்தது உங்கள் மகள் பயிலும் வால்ட்ஸ்தான். பதின்மூன்றோடு கைகள் ஓய்ந்தன. சற்றுப் பொறுத்து, அதற்குப் பதிலாக, பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் பியானோவுக்கு அமைத்த பாக்கின் கோரல் (தேவாலயப் பாடலிசை) ஒன்றை வாசித்து எழுந்தார். அது ஒலிப்பதிவில் இல்லை. டிசெம்பர் 2ஆம் திகதி, தமது 33ஆவது வயதில், காலமானார். எப்போது எழுதினாலும் இந்த இடத்தில் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

ஓய்வுபெற்ற பியானோ ஆசிரியை, பம்பலப்பிட்டி:
மகளுக்கு அதே ஆண்டு ஜூலையில் ஜெனீவாவில் பதிவான இசைத்தட்டைக் கேட்கக் கொடுங்கள், அம்மா. கோர்ட்டிசோன் மருந்து தந்த சில வார நலத்தில் 14 வால்ட்ஸ்களையும் அவர் முழுமையாக வாசித்திருக்கிறார். விரைவான இடங்களிலும் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும். மாணவர்கள் சுரங்களை நீட்டி ஒலிக்கச் செய்யும் கால்பெடலால் மூடி மறைக்கும் இடங்கள் அவை. பெசான்சோன் பதிவையும் விட்டுவிடாதீர்கள். பார்ட்டிட்டாவுக்கு முன், நம் வித்துவான்கள் சுருதி பார்ப்பதைப் போல, அதன் சுருதியான பி ஃப்ளாட்டில் சில சுரங்களை விரலோட்டிப் பார்க்கிறார். நோயுற்ற கைகள் பியானோவை அறிந்துகொள்ளும் அந்தச் சில விநாடிகளை நான் என் மாணவர்கள் எல்லோருக்கும் கேட்கச் செய்திருக்கிறேன்.

வெள்ளவத்தை வாசகி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளிடம் வாசித்துக் காட்டினேன். ஜூலைப் பதிவை இன்றிரவே கேட்கவேண்டும் என்கிறாள்.