சரிவுப் புல்வெளியில் ரைடிங் மோவர்: கரும்புகையும் வழுக்கலும்

கோத்தகிரிக்காரன்: காட்டேஜ் புல்வெளிக்கு உட்கார்ந்து ஓட்டுற மோவர் (புல் வெட்டுற வண்டி) வந்திருக்குங்க. கோயம்புத்தூர்ல நல்லா ஓடின வண்டி இங்கே கரும்புகை தள்ளுது. சரிவுல குறுக்கே போனா மேல்பக்கச் சக்கரம் தூக்குது. என்ன பண்ணலாம்?

ஊட்டி ஸ்பேனர்: முதல்ல ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்க. அது சுத்தமா இருந்தா உயரம்தான் காரணம். கோத்தகிரி 1,800 மீட்டருக்குப் பக்கம். காற்று மெலிசு, காற்றையும் பெட்ரோலையும் கலக்குற கார்புரேட்டர் சமவெளிக் கணக்குலயே பெட்ரோல் விடுது. ஸ்பார்க் பிளக் முனை கரி பிடிச்சிருக்கும். உங்க இன்ஜின் மாடலுக்கான மலைப்பகுதி மெயின் ஜெட் கேட்டு கார்புரேட்டர்ல மாட்டுங்க, பெட்ரோல் போற துளை அதுல சிறுசா இருக்கும். வண்டி திரும்பக் கீழே போனா பழைய ஜெட்டையே போடணும், இல்லேன்னா இன்ஜின் சூடாகிக் கெடும்.

குன்னூர் புல்லு: புகையை விடுங்க, சக்கரம் தூக்குறதுதான் ஆபத்து! குறுக்கே ஓட்டவே கூடாது. நேரா மேலே, நேரா கீழே. 15 டிகிரிதான் எல்லை: 10 அடி கம்போட ஒரு நுனியைச் சரிவுல வெச்சு மட்டமா பிடிச்சா, மறு நுனிக்குக் கீழே தரை 2.7 அடி இறங்கியிருக்கும். அதுக்கு மேல கையால வெட்டுங்க. இறங்கும்போது நியூட்ரல் வேண்டாம், லோ கியர். ஏறும்போது சக்கரம் வழுக்கினா பிளேடை நிறுத்திட்டு நேரா மெதுவா இறக்குங்க. பனி ஈரம் காயாம வண்டியை எடுக்காதீங்க. ஆள் சீட்டை விட்டு எழுந்தா இன்ஜினை நிறுத்துற சீட் சுவிட்சை, வயர் போட்டு வேலை செய்யாம பண்றது இங்கே பல இடத்துல வழக்கம். படு முட்டாள்தனம்.

கோத்தகிரிக்காரன்: பிளேடு சாணை?

ஊட்டி ஸ்பேனர்: பிளக் வயரைக் கழற்றிட்டுத்தான் கை வைக்கணும். தீட்டினதும் நடுத்துளையை ஆணியில மாட்டுங்க. ஒரு பக்கம் தாழ்ந்தா அந்தப் பக்கத்தை இன்னும் ராவுங்க. சமமில்லாத பிளேடு, அது சுத்துற அச்சோட (ஸ்பிண்டில்) பேரிங்கைத் தின்னுடும்.