பழைய செயலியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியவர்கள் எழுதுங்கள்

கொக்குவிலிலிருந்து:

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கடன் கணக்குச் செயலி. பிஎச்பி என்ற கணினிமொழியின் 5.6 பதிப்பில் ஒருவர் தனியாளாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். 5.6க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசெம்பரோடு நின்றுபோயின. அப்படியே 7க்கு ஏற்றவும் வழியில்லை. கோப்புக்குக் கோப்பு தரவுத்தளத்தோடு பேசும் பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள், 7.0இல் அவற்றை எடுத்தே விட்டார்கள்.

எல்லாவற்றையும் பிஎச்பிக்கான ஆயத்தச் சட்டகமான (ஃபிரேம்வொர்க்) லாரவெலில் புதிதாக எழுதி ஒரே இரவில் மாற்றத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் சங்கத்தில் நாளாந்தம் காசு வாங்கிப் பற்றுச்சீட்டு கொடுக்கிறார்கள். ஒரு பிழை வந்தாலும் கவுண்டரில் நிற்கும் மனிதர்தான் அலைய வேண்டும். எங்கள் பக்கம் பனைமட்டைக்குள் ஆலம்விதை விழுந்து முளைத்து, வேரை நிலம்வரை இறக்கி, பனையைச் சுற்றியே மரமாவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய செயலியைச் சுற்றிப் புதியதை வளர்த்து மாற்றும் வேலைமுறைக்கு, மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் 2004இல் பெயர் வைத்ததும் அவுஸ்திரேலியக் காட்டில் கண்ட அதே இன மரத்தை நினைத்துத்தான். நானும் அப்படியே செய்தேன். வரும் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்ப, முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வரை வைத்தேன். உறுப்பினர் பட்டியல் மட்டும் லாரவெலுக்கு, மற்றதெல்லாம் பழையதற்கு. லாரவெல் தன் குக்கியை (பிரவுசரில் வைக்கும் சிறு அடையாளத் தகவலை) என்கிரிப்ட் செய்வதால் பழைய பக்கத்தில் லொகின் செய்தவரைப் புதிய பக்கம் அடையாளம் காணவில்லை. யார் லொகின் செய்திருக்கிறார் என்பதை வைத்திருக்கும், இரண்டு பக்கமும் வாசிக்கும் ஒரு செஷன் டேபிளால் அது சரியானது.

பெயர்கள்தான் பெரிய வேலை. எல்லாம் பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துருவில். டேபிளைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும், இன்றைய பொதுக் குறிமுறையான யூனிகோடில் அது பின்னால் போக வேண்டும். டேபிளின் அதே நிரலில் (கொலத்தில்) சிலரின் பெயர் ஆங்கிலத்திலும் இருந்தது. ஐ, எஃப் என்ற இரண்டு எழுத்தும் பாமினியில் 'கை' ஆகிவிடும். ஆகவே பழைய நிரலில் கைவைக்காமல், யூனிகோடுக்கென்று அதன் பக்கத்தில் ஒரு புதிய நிரல் போட்டேன். காசாளர் அக்கா அங்கத்தவர் புத்தகத்தோடு ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுத் தந்தார்.

பிறகு வட்டி. ஒரு மாதம் இரண்டு பக்கமும் கணக்கிட விட்டு, முடிவுகளை மட்டும் ஒப்பிட்டோம். 45,000 ரூபா கடன், ஆண்டுக்கு 14 வீதம், 30 நாள். பழையது 517.80 என்றது, புதியது 517.81. "தம்பி, இந்த ஒரு சதம் எங்கேயிருந்து வந்தது?" என்று அக்கா கேட்டார். பழைய செயலி ஒரு நாள் வட்டியை 17.26 என்று முழுமையாக்கிவிட்டு 30ஆல் பெருக்குகிறது. நான் பெருக்கிவிட்டுக் கடைசியில் முழுமையாக்கியிருந்தேன். கணிதத்தில் என்னுடையது துல்லியம். ஆனால் மக்கள் கையில் இருக்கிற பற்றுச்சீட்டுகள் எல்லாம் பழைய முறையில் எழுதியவை. புதிய செயலியையே பழைய முறைக்கு மாற்றி, அதற்கு ஒரு டெஸ்டும் எழுதினேன். ஒரே நாளில் மாற்றியிருந்தால் அந்தச் சதத்தை அக்கா பார்த்திருக்க மாட்டார், கடன்காரர்தான் பார்த்திருப்பார்.

நெல்லியடியிலிருந்து:

எங்களுடையது ஆங்குலர்ஜேஎஸ் என்ற பழைய பிரவுசர் பக்க ஃபிரேம்வொர்க்கில் எழுதியது. அதன் ஆதரவு 2021 டிசெம்பர் 31ஓடு முடிந்தது. இணைப்புக் கருவியான என்ஜிஅப்கிரேட் வைத்துப் பழையதையும் புதிய ஆங்குலரையும் ஒரே பக்கத்தில் ஓடவிட்டோம். வேலை செய்தது. ஆனால் இரண்டு ஃபிரேம்வொர்க்கும் சேர்ந்து இறங்குவதால், போனில் திறக்கிறவர்களுக்குப் பக்கம் வர நேரம் எடுத்தது. அதைவிட மோசம், அவசரம் என்று வந்த புதிய வசதிகளை எல்லாம் பழைய பக்கத்திலேயே சேர்த்தோம். ஒரு பக்கம் குறைக்கக் குறைக்க மறுபக்கம் வளர்ந்தது. பழைய பக்கத்தில் பிழைதிருத்தம் மட்டும்தான் என்று முடிவெடுத்த பிறகுதான் வேலை முன்னேறியது. வாடிக்கையாளரோடு அதை ஆரம்பத்திலேயே கதைத்திருக்க வேண்டும்.

கொக்குவிலிலிருந்து, மறுபடியும்:

அந்த விதியை நாங்களும் எழுதி ஒட்டியிருக்கிறோம். இப்போது மிச்சம் இரண்டு திரைகள். ஒன்று சேமிப்புப் புத்தகத்தில் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரால் வரி தவறாமல் அச்சடிப்பது. பிரவுசரிலிருந்து அதை யாராவது சரியாகச் செய்திருந்தால், எப்படி என்று எழுதுங்கள்.