ஈஸ்ட் ஆர்பிஎல்28, மனித ஆர்பிஎல்28: பெயர் ஒன்று, வரிசை ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது?

முதுகலை_மாணவி:
புராஜெக்ட்டுக்காக ரொட்டி ஈஸ்டின் ரைபோசோம் (செல்லில் புரதம் தயாரிக்கும் அமைப்பு) புரதங்களை மனிதப் புரதங்களோடு ஒப்பிட்டு வருகிறேன். நிறைய புரதங்கள் அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் ஆர்பிஎல்28 இரண்டு நாளாகப் பாடாய்ப் படுத்துகிறது. இரண்டின் அமினோ அமில வரிசையையும் அலைன் செய்தால் (பக்கத்தில் வைத்துப் பொருத்தினால்) இடைவெளிக் கோடுகள்தான் வரிசையாக வருகின்றன, தவறான வரிசையை இறக்கிவிட்டேனோ என்று மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். ஈ.கோலை பாக்டீரியாவின் எல்10, ஈஸ்டின் ஆர்பிஎல்10 கதையும் இதேதான். யாராவது சொல்லுங்களேன்.

லேப்_அக்கா:
நீங்கள் எடுத்த வரிசை சரிதான் மா, பெயர்தான் ஏமாற்றுகிறது. அந்தக் காலத்தில் ஒவ்வோர் உயிரிக்கும் தனித்தனியாக எண் போட்டார்கள், அந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஈஸ்டின் ஆர்பிஎல்28க்கு மனிதரில் இணை ஆர்பிஎல்27ஏ. மனிதரின் ஆர்பிஎல்28க்கு ரொட்டி ஈஸ்டில் இணையே கிடையாது, மனிதரில் 80 புரதம், ஈஸ்டில் 79 என்று வருவதே இதனால்தான். அதேபோல ஈஸ்டின் ஆர்பிஎல்10க்கு ஈ.கோலையில் இணை எல்16. ஈ.கோலையின் எல்10 ஈஸ்டில் பி0 என்ற பெயரில் இருக்கிறது.

2014இல் வந்த புதிய பெயர்முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாக்டீரியா, ஆர்க்கியா (பாக்டீரியா போலவே உட்கரு இல்லாத தனிக் குழு), யூகேரியோட் (ஈஸ்ட், மனிதர் போல உட்கரு உள்ளவை) மூன்றிலும் இருந்தால் முன்னால் யு, பாக்டீரியாவில் மட்டும் என்றால் பி, பாக்டீரியாவில் இல்லாமல் யூகேரியோட்டில் இருந்தால் இ. ஈஸ்ட் ஆர்பிஎல்28 யுஎல்15, மனித ஆர்பிஎல்28 இஎல்28. இப்படி எழுதினாலே குழப்பம் போய்விடும்.

பழைய_போஸ்ட்டாக்:
அக்கா சொன்னது முழுக்கச் சரி. பழைய கட்டுரைகளில் இதே ஈஸ்ட் ஆர்பிஎல்28 சிஒய்எச்2 என்று வரும். அதன் 38ஆவது இடத்தில் குளுட்டமின் போய் குளுட்டமிக் அமிலம் வந்தால் புரதத் தயாரிப்பைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு போட்ட தட்டிலும் ஈஸ்ட் வளரும், ஒரே ஓர் எழுத்து மாறியதில் இவ்வளவு நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இன்னொன்று, ஈ.கோலையின் எல்16ஐ வைத்து ஈஸ்டில் பிளாஸ்ட் (ஒத்த வரிசைகளைத் தேடும் மென்பொருள்) தேடினால் மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமின் புரதம் வந்து நிற்கும். அது பாக்டீரியா வழி வந்தது, சைட்டோபிளாசத்தில் இருப்பது வேறு, இரண்டையும் கலந்துவிடாதீர்கள். ஈ.கோலையின் 54 புரதங்களில் ஏறக்குறைய 34தான் எல்லா உயிரிகளுக்கும் பொது. ஆர்க்கியாவில் இல்லாமல் பாக்டீரியாவும் யூகேரியோட்டும் மட்டும் பகிர்ந்துகொள்ளும் புரதம் என்று ஒன்றுகூட இல்லை, அதனால் உங்கள் அட்டவணையில் ஆர்க்கியாவுக்கும் கட்டாயம் ஒரு பத்தி வையுங்கள்.

முதுகலை_மாணவி:
27ஏ போட்டுப் பார்த்தேன், முதல் வரியிலிருந்தே ஒட்டுகிறது! ரொம்ப நன்றி அக்கா, சார். அப்புறம் ஒரு சந்தேகம், ஈஸ்டில் பல புரதங்களுக்கு ஏ, பி என்று இரண்டு ஜீன் வருகிறதே, எதை எடுப்பது?

லேப்_அக்கா:
சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஈஸ்டின் மூதாதையில் மரபணுத் தொகுதி முழுவதுமே இரட்டித்தது, அதன் மிச்சம் அது. 59 புரதங்களுக்கு இன்னமும் இரண்டு ஜீன்கள் இருக்கின்றன. ஜோடிகளில் புரத வரிசை ஒன்றாகவோ மிக நெருக்கமாகவோதான் இருக்கும், அட்டவணைக்கு ஒன்று போதும், எதை எடுத்தீர்கள் என்று குறித்துவையுங்கள். மனிதரில் தேடும்போது ஜீனோமில் தேடாமல் புரதத் தரவில் தேடுங்கள், போலி ஜீன்கள் (வேலை செய்யாத நகல்கள்) ஏராளம். ஆர்பிஎல்41 கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று எழுதிவிடாதீர்கள், ஈஸ்டிலும் மனிதரிலும் அது வெறும் 25 அமினோ அமிலம்தான், வழக்கமான பிளாஸ்ட் அமைப்பில் எளிதாக நழுவிவிடும்.