13 வயது மகளுக்கு மூடிய மைதானத்தில் கார் ஓட்டச் சொல்லித்தருவது: எதிலிருந்து தொடங்க?

மண்பாதை:
மகளுக்கு 13 வயது, உயரம் 150 செ.மீ. கார் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ரோட்டில் இறக்கும் எண்ணம் துளியும் இல்லை. சொந்தக்காரர் ஒருவரின் காலி நிலம் கிடைத்திருக்கிறது: சுற்றிலும் வேலி, கேட் பூட்டலாம், 120 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், கெட்டியான சமதரை. வண்டி பெட்ரோல், மேனுவல் கியர், இரண்டு சீட்டுக்கும் நடுவே ஹேண்ட்பிரேக். இந்த வயது சரியா? முதல் நாள் எதைச் சொல்லித்தருவது? பக்கத்து சீட்டில் இருப்பவர் எதற்குத் தயாராக இருக்க வேண்டும்?

கிளட்ச்பிளேட்:
வயதைவிட உடம்பு சீட்டுக்குப் பொருந்துகிறதா என்பதைப் பாருங்கள். சீட்டை முன்னால் தள்ளி, கிளட்ச்சைத் தரைவரை மிதிக்கச் சொல்லுங்கள். அடிவரை மிதித்த பிறகும் இடது முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். வலது குதிகால் தரையில் ஊன்றியபடியே பாதம் பிரேக்கை முழுசாக மிதிக்க வேண்டும். நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும், ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. கண் ஸ்டியரிங்கின் மேல்விளிம்புக்கு மேலே இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று இடித்தாலும் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். மெத்தென்ற தலையணையைப் போட்டு உயர்த்தினால் கண் மேலே வரும், கால் பெடலைவிட்டு விலகிவிடும்; பிரேக் மிதிக்கும்போது தலையணையும் நழுவும்.

இடம் போதும். ஆனால் முதலில் முழு நிலத்தையும் நடந்து பாருங்கள்: குழி, கல், அறுத்த மரத்தின் அடிக்கட்டை, மூடாத கிணறு. காய்ந்த புல் உயரமாக இருந்தால் வெட்டிவிடுங்கள், சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். வேலியிலிருந்து 15 மீட்டர் உள்ளே கோன் வைத்து எல்லை போடுங்கள். 15 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 4 மீட்டருக்கு மேல் போகும். நீங்கள் பார்த்து, சொல்லி, அவள் கேட்டு, கால் பிரேக்குக்கு வர இரண்டு நொடி என்று வையுங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே வண்டி 8 மீட்டர் போயிருக்கும்.

முதல் வகுப்பில் வண்டி நகரவே வேண்டாம். சீட், கண்ணாடி, பெல்ட், பெடல்கள் பழகட்டும். எஞ்சின் ஆஃபில் பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்ததும் கல்லாக இறுகும். அதுதான் பிரேக் என்று நினைத்தால் பிறகு ஓங்கி மிதிப்பாள். அதனால் பிரேக் பழக எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு வையுங்கள். நீங்கள் "நிறுத்து" என்றதும் இடது கால் கிளட்ச்சில், வலது கால் பிரேக்கில். பேச்சுக்கு நடுவே சொன்னாலும் கால் தானாகப் போகும்வரை இதையே செய்யுங்கள். அந்தச் சொல்லை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்து, ஆக்ஸிலேட்டர் இல்லாமல் முதல் கியர். கிளட்ச்சை மெல்ல விடும்போது ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கம்மும், பானட் லேசாகத் தூக்கும். அங்கே இரண்டு நொடி காலை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். கெட்டித் தரையில் வண்டி நடை வேகத்தில் தானே உருளும். பிள்ளைகள் தவறுவது இங்கேதான்: வண்டி நகர்ந்த சந்தோஷத்தில் காலைச் சட்டென்று எடுத்துவிடுவார்கள், வண்டி குலுங்கி ஆஃப் ஆகும். கெடுதல் ஒன்றுமில்லை, திட்டாதீர்கள். உருண்டு நிற்பது, உருண்டு நிற்பது, இதுவே ஒரு வகுப்புக்குப் போதும். 20 நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்காது. அதற்குப் பிறகும் இழுத்தால் கால் தவறான பெடலுக்குப் போகும்.

நேர்கோடு:
ஆட்டோமேட்டிக் கிடைத்தால் இன்னும் சுலபமாச்சே? கிளட்ச் தொல்லை இல்லை, ஸ்டியரிங்கில் மட்டும் கவனம் வைக்கலாம்.

கிளட்ச்பிளேட்:
ஓட்டுவது சுலபம், சரி. ஆனால் பதற்றத்தில் நடப்பதைப் பாருங்கள். மேனுவலில் முதல் கியரில், ரேஸ் கொடுக்காமல் போகும்போது பிரேக்கை மட்டும் மிதித்து கிளட்ச்சை மறந்தால் எஞ்சின் ஆஃப் ஆகி வண்டி நிற்கும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கிலிருந்து கால் எடுத்தாலே நகரும். நிறுத்த நினைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டால், அதுதான் பிரேக் என்று நம்பி இன்னும் பலமாக மிதிப்பார்கள். மின்சாரக் காரில் அந்த நொடியே முழு இழுவையும் வரும். முதல் பாடத்துக்குச் சிறிய பெட்ரோல் மேனுவலே நல்லது.

அச்சாணி:
பக்கத்து சீட் பற்றி. வண்டி நகரும் நேரமெல்லாம் உங்கள் கை ஹேண்ட்பிரேக்கில், பட்டனை அழுத்தியபடி இருக்கட்டும். அப்போதுதான் எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவு பிடிக்கும், பாதியில் மாட்டிக்கொள்ளாது. மகளை ஏற்றும் முன் நீங்களே 10 கி.மீ. வேகத்தில் இழுத்துப் பாருங்கள். எக்கச்சக்கமாக மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறது என்றால் கேபிளை டைட் செய்த பிறகே வகுப்பு. அது பின்சக்கரங்களை மட்டும் பிடிப்பது. முழு ஆக்ஸிலேட்டரை எதிர்த்து அதனால் நிற்க முடியாது. அந்த நிலை வந்தால் கியரை நியூட்ரலுக்குத் தட்டிவிட்டு ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். சாவியைத் திருப்பி ஆஃப் செய்வதாக இருந்தால் ஒரு கட்டம் மட்டும். முழுக்கத் திருப்பி உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

ஸ்டியரிங்கைப் பிடுங்காதீர்கள். பயந்த பிள்ளை இறுக்கிப் பிடிக்கும், இருவரும் எதிரெதிரே இழுப்பீர்கள். நிறுத்துவதே போதும். வளைக்கும்போது பானட்டைப் பார்த்தால் வண்டி நெளியும். போக வேண்டிய இடத்திலுள்ள கோனைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கை ஒடிக்க விடாதீர்கள், டயர் தேயும்.

காலுக்கு மெல்லிய தட்டை அடி கொண்ட ஷூ, செருப்பு வேண்டாம். ஓட்டுநர் பக்க மிதியடி கொக்கியில் மாட்டவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். உருளக்கூடிய தண்ணீர் பாட்டில் எதுவும் தரையில் இருக்கக் கூடாது. பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு பாட்டில் சிக்கினால் போதும், பெடல் கீழே போகாது.

மண்பாதை:
மிக்க நன்றி. 6 வயது மகனும் கூட வருவான். அவனை மடியில் வைத்து ஒரு சுற்று ஓட்டினால் அழ மாட்டான். மெதுவாகத்தான்.

அச்சாணி:
வேண்டவே வேண்டாம். மெதுவாகப் போனாலும் பெல்ட் அவனைப் பிடிக்காது, மோதினால் உங்களுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே நசுங்குவான். ஏர்பேக் கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும், அவன் முகமும் நெஞ்சும் அதை ஒட்டியே இருக்கும். அக்கா ஓட்டும் நேரத்தில் அவனை வேலிக்கு வெளியே, ஒரு பெரியவர் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

அவனுக்கும் ஒரு பாடம் உண்டு. எஞ்சின் ஆஃப், சாவி உங்கள் பையில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அவனை ஓட்டுநர் சீட்டில் உட்கார வையுங்கள். ஒருவர் ஒரு கோனைக் காரின் பின்னால் பம்பரை ஒட்டி வைக்கட்டும். மூன்று கண்ணாடியிலும் தேடச் சொல்லுங்கள், தெரியாது. கோனை ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்த்தி, எப்போது தெரிகிறது என்று அவனே சொல்லட்டும். பல மீட்டர் தள்ளியே கண்ணில் படும். முன்பக்கமும் அப்படியே செய்யுங்கள். மகளுக்கும் இதை முதல் வகுப்பிலேயே காட்டுங்கள்.

சாலைவிதி:
இரண்டு விஷயம் விடுபட்டது. ஒன்று, தனியார் நிலம் என்றாலும் பொதுமக்கள் தடையில்லாமல் வந்துபோகும் இடமாக இருந்தால் பல நாடுகளில் அது சட்டப்படி பொது இடம். கடை வாகன நிறுத்தம் காலியாகக் கிடந்தாலும் அப்படித்தான். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள், கேட்டைப் பூட்டுங்கள். உரிமம் இல்லாதவர் ஓட்டினால் காப்பீடு செல்லுமா என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். நில உரிமையாளர் சம்மதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு, ஓட்டத் தெரிந்த பிள்ளை வீட்டில் சாவியை எடுத்துப் பார்க்கும். கியரில் போட்டு நிறுத்திய மேனுவல் வண்டியில் கிளட்ச் மிதிக்காமல் சாவியைத் திருப்பினால், கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் பாதுகாப்பு இல்லாத வண்டிகள் முன்னால் பாயும். முதல் வகுப்பு முடிந்த நாளிலிருந்து சாவி எட்டாத இடத்தில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். மாற்றுச் சாவியும்தான்.